பக்கத்துக்கு இரண்டு ஸ்வோட்டி

மூன்றாம் மாடி ஒட்டிலியாவுக்கு வயது பதினைந்தேகால்.
அந்தக் காலை விட்டுவிடாதீர்கள் என்று அவளே சொன்னாள்.
கூலி: பக்கத்துக்கு இரண்டு ஸ்வோட்டி.
கெட்ட வார்த்தையை நான் தப்பான இடத்தில் போட்டிருந்தால்
எடுத்துச் சரியான இடத்தில் வைக்க இன்னொரு ஸ்வோட்டி.
முதல் வாரமே என் பர்ஸ் இளைத்தது.

கிடீனியாவில் நவம்பர் என்றால் நாலு மணிக்கே இருட்டு.
துறைமுகத்துக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள்
என் சமையலறைக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.
ஷூவை வாசலில் உதறிவிட்டு
ஒரு காலை நாற்காலிமேல் மடித்துப் போட்டுக்கொண்டு
பென்சிலைக் கடித்தபடி படிப்பாள்.

என் போரிஸ், பதினாறு வயது,
கடலைப் பார்த்துச் சொல்கிறான்:
'கரை தேடும் இவ்வலைகளைப் போலவே
அலைந்து களைத்தது என் நெஞ்சும், மார்த்தா.'

"இவனுக்குக் காய்ச்சலா?"

இல்லை, காதல்.

"காதல்னா இப்படியா?
சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு கேப்பான்.
பன்னெண்டு பர்சென்ட்னு அவ சொல்லுவா.
தன்னோட பவர் பேங்கை நீட்டுவான்.
அவ்ளோதான்.
அப்புறம் ரெண்டு நாள் தூங்க மாட்டான்.
அதை நீங்க எழுதவே வேணாம்."

இருபத்தொரு வருடம், பதினோரு புத்தகம்.
'இளையோரின் அசல் குரல்' என்று
பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள், பாரேன்.
"யார் சொன்னது?"
விமர்சகர். ஐம்பத்தெட்டு வயது.
மரியாதைக்கு ஒரு தடவை இருமினாள்.

அதற்கப்புறம் நான் வேட்டைக்குப் போனேன்.
பள்ளிக்கூடம் விடும் நேரமாய்ப் பார்த்து
டிராலிபஸ்ஸின் கடைசிக்கு முந்தைய இருக்கையில்
மூன்று வாரம், காதைப் பின்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு.
பொறுக்கிய சொற்களையெல்லாம் ஈரத்தோடு கொண்டுவந்து
போரிஸின் வாயில் திணித்தேன்.
பாவம், புரையேறியது அவனுக்கு.

"இது போன வருஷமே செத்துப்போச்சு.
இது சின்னப் பசங்க சொல்றது.
இது... ஐயோ, இதை எங்கப்பா சொல்றாரு."
பென்சில் நின்றது.
"புத்தகம் எப்ப வரும்?"
எல்லாம் சரியாக நடந்தால், ஒன்றரை வருடத்தில்.
"அப்ப நானே இப்படிப் பேச மாட்டேனே."

நூற்று நாற்பதாம் பக்கம்.
கப்பல் வேலைக்குப் போன அண்ணன்
இனி வரமாட்டான் என்று
போரிஸுக்குத் தெரியவரும் இடம்.
ஆறு மாதம் எழுதியது.
ஒன்றரைப் பக்கத்துக்கு அவன் பேசுகிறான்,
வானத்திடம், கடவுளிடம், பால்டிக் கடலிடம்.
தனியே வாசித்துப் பார்த்தபோது
எனக்கே தொண்டை அடைத்திருந்தது.

ஒட்டிலியா வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.
மடித்த காலைக் கீழே இறக்கினாள்.
பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை
ஒரே கோடு, குறுக்கே.
ஓரத்தில், சின்ன எழுத்தில்:

போரிஸ் ஃப்ரிட்ஜைத் திறக்கிறான்.
மூடுகிறான்.
'பால் இல்ல' என்கிறான்.

உனக்கெப்படி என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"ஒன்றரைப் பக்கம், மூணு ஸ்வோட்டி.
சில்லறை இருக்கா?"

இருந்தது.
படியிறங்கும் சத்தத்தை
மூன்றாம் மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

பீரோவின் மேல்தட்டில், சூட்கேஸுக்கு அடியில்,
என் பதினைந்தாம் வயது நாட்குறிப்பு.
எடுத்தேன்.
அப்பா பெட்டியோடு டாக்ஸியில் ஏறிய தேதி
புரட்டாமலே தெரியும் எனக்கு.
அந்தப் பக்கம் கதறிக் கிடக்கும் என்று
முப்பத்தெட்டு வருடமாய் நம்பியிருந்தேன்.
எத்தனை நாவலில் அதை நம்பிக் கடன் வாங்கியிருக்கிறேன்!

ஊதா மை. வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து:

மழை.
கணக்கில் மூன்று மார்க்.
கோந்து தீர்ந்துவிட்டது.